ஆணையை மீறிக் கூடிய கூட்டம்: இயக்குநர், பங்குதாரர் வழக்குகளில் நீதிமன்ற அவமதிப்பு

ஒரு நிறுவனத்தின் இயக்குநர்களும் பங்குதாரர்களும் தங்களுக்குள் மோதிக்கொண்டு நீதிமன்றப் படியேறும்போது, அவ்வழக்கின் போக்கைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் இறுதித் தீர்ப்பைக் காட்டிலும் முதல் சில வாரங்களில் பிறப்பிக்கப்படும் இடைக்கால ஆணையே ஆகும். நிலத் தகராற்றில் தடையை மீறி ஒருவர் வேலி போட்டாலும் நிலம் அங்கேயேதான் இருக்கிறது, வேலியைப் பிடுங்கிவிடலாம். நிறுவனத்திலோ தகராற்றுக்குரிய பொருளே தாளிலும் கணினிப் பதிவிலும் வாழ்வது. இயக்குநர் குழு ஒரு மணி நேரம் கூடிக் கலைந்தால் அப்பொருள் வேறொன்றாக மாறிவிடும். பத்தாயிரம் பங்குகள் கொண்ட ஒரு தனியார் நிறுவனத்தில் நாலாயிரம் பங்குகளை, அதாவது 40 விழுக்காட்டை, வைத்திருக்கும் சகோதரருக்குத் தெரியாமல், மற்றவர்கள் தங்களுக்கே மேலும் தொண்ணூறாயிரம் பங்குகளை ஒதுக்கிக்கொண்டால், அவரிடம் அதே நாலாயிரம் பங்குகள் இருந்தும் அவருடைய உரிமை 4 விழுக்காடாகச் சுருங்கிவிடுகிறது. ஒடுக்குமுறை, நிர்வாகச் சீர்கேடு ஆகியவற்றை எதிர்த்து 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 241ஆம் பிரிவில் முறையிடுவதற்குப் பங்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கோ, இல்லையேல் நூறு உறுப்பினர்கள் அல்லது உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒரு பகுதி ஆகியவற்றில் குறைவானதோ வேண்டும் என்று 244ஆம் பிரிவு கோருவதால், பங்கு மூலதனத்தின் அடிப்படையில் தமக்கிருந்த தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளவே அவர் வழக்காட வேண்டியவராகிறார்.

இயக்குநர் பதவியும் இதே அளவுக்கு எளிதில் நழுவக்கூடியது. 169ஆம் பிரிவின்படி, தனி அறிவிப்புக் கொடுத்துப் பங்குதாரர்களின் சாதாரணப் பெரும்பான்மைத் தீர்மானத்தால் ஓர் இயக்குநரை அவருடைய பதவிக்காலம் முடியுமுன்பே நீக்கிவிடலாம். அதற்குப் பெரும்பான்மை கிட்டாதபோது வேறொரு வழி கையாளப்படுவதுண்டு. ஓர் இயக்குநர் பன்னிரண்டு மாதங்களில் நடந்த எல்லாக் குழுக் கூட்டங்களுக்கும் வராதிருந்தால் அவருடைய பதவி தானாகவே காலியாகும் என்கிறது 167ஆம் பிரிவு. ஆகவே அவருக்குக் கூட்டத்தின் அறிவிப்பே போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டு, ஆண்டு முடிந்ததும் அவர் பதவி விலகியவராகிவிட்டார் என்று நிறுவனப் பதிவாளரிடம் படிவம் தாக்கல் செய்துவிடுவார்கள். இத்தகைய செயல்களைத் தடுக்கும் பொருட்டே, புதிய பங்குகளை ஒதுக்கக் கூடாது, இயக்குநர் குழுவின் அமைப்பை மாற்றக் கூடாது, நிறுவனத்தின் அசையாச் சொத்துகளை விற்கக் கூடாது என்றெல்லாம் இடைக்கால ஆணைகள் பிறக்கின்றன. அவை மீறப்படும்போது எழும் கேள்விதான் நீதிமன்ற அவமதிப்பு.

1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் அவமதிப்பை இரண்டாகப் பிரிக்கிறது. நீதிமன்றத்தின் மாண்பைக் குலைப்பதும் நீதி வழங்கும் பணியில் குறுக்கிடுவதும் குற்றவியல் அவமதிப்பு. தீர்ப்பு, தீர்ப்பாணை, ஆணை ஆகியவற்றை வேண்டுமென்றே மீறுவதும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பதும் உரிமையியல் அவமதிப்பு. நிறுவன வழக்குகளில் எழுவது பெரும்பாலும் இரண்டாவது வகையே. 12ஆம் பிரிவு இதற்கு விதிக்கும் உச்சத் தண்டனை ஆறு மாத வெறுங்காவல், அல்லது இரண்டாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்; உண்மையான மன்னிப்பு கேட்கப்பட்டதாக நீதிமன்றம் நிறைவடைந்தால் தண்டனையை விலக்கிக்கொள்ளவும் இடமுண்டு. சட்டம் இயற்றப்பட்ட 1971இல் இரண்டாயிரம் ரூபாய்க்கு இருந்த எடை இன்று இல்லை. கோடிக்கணக்கான ரூபாய் பெறுமானமுள்ள பங்குகளைக் கைமாற்றியவருக்கு அந்த அபராதம் ஒரு பொருட்டே ஆகாது. சிறை பற்றிய அச்சம் உண்மையானதுதான் என்றாலும், மீறியவர் சிறை சென்று திரும்பினால் பாதிக்கப்பட்டவரின் பங்கு விழுக்காடு பழைய நிலைக்கு வந்துவிடுவதில்லை. ஆகவே நிறுவன வழக்குகளைப் பொறுத்தவரை, அவமதிப்புச் சட்டத்தின் பயனை அது எத்தனை பேரைத் தண்டித்தது என்பதைக் கொண்டு அளப்பதைவிட, மீறலால் மாறிப்போனதை எவ்வளவு தூரம் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது என்பதைக் கொண்டு அளப்பதே பொருத்தம்.

இந்தப் பார்வைக்கு அடித்தளமிட்டது சென்னை உயர் நீதிமன்றம் என்பது தமிழ் வாசகர்கள் பரவலாக அறியாத செய்தி. செஞ்சுரி ஃப்ளோர் மில்ஸ் நிறுவனத்துக்கும் எஸ். சுப்பையா என்பவருக்கும் இடையிலான வழக்கில், நீதிமன்றத்தின் தடையாணைக்கு மாறாக நிறுவனத்தின் கூட்டம் ஒன்று நடத்தப்பட்டது. 1975இல் அறிக்கையான அவ்வழக்கின் தீர்ப்பில் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு, மீறியவர்களைத் தண்டிப்பது பற்றிய கேள்வியோடு நின்றுவிடவில்லை. தடைக்கு மாறாகச் செய்யப்பட்ட தவற்றைத் திருத்துவது நீதிமன்றத்தின் கடமை என்றும், அதற்கான உள்ளார்ந்த அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பதோடு அதைப் பயன்படுத்த அது கட்டுப்பட்டது என்றும் கூறி, அந்தக் கூட்டத்தைச் சட்டப்படியான கூட்டமாக ஏற்க மறுத்து, இடைக்கால ஆணை கிடைக்கப்பெறுவதற்குச் சற்று முன்பு இரு தரப்பும் எந்த நிலையில் இருந்தனவோ அந்த நிலைக்கே அவற்றைத் திருப்பி வைத்தது. உள்ளார்ந்த அதிகாரம் என்பது, சட்டத்தின் எழுத்தில் தனியாகச் சொல்லப்படாவிட்டாலும் நீதியின் நோக்கம் நிறைவேறுவதற்காக நீதிமன்றம் இயல்பாகவே பெற்றிருக்கும் அதிகாரம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு அதைக் காப்பாற்றித் தருகிறது. இத்தீர்ப்பின் நுட்பம், தண்டனையையும் மீட்பையும் தனித்தனியே வைத்துப் பார்த்ததில் இருக்கிறது. தண்டிக்க வேண்டுமானால் மீறியவரின் மனத்தில் வேண்டுமென்ற எண்ணம் இருந்ததை ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். கூட்டத்தைச் செல்லாததாக்குவதற்கோ அது தடைக்கு மாறாக நடந்தது என்பதே போதுமானது.

இருபது ஆண்டுகள் கழித்து உச்ச நீதிமன்றம் இந்தச் சென்னைத் தீர்ப்பைக் கையிலெடுத்தது. தில்லி வளர்ச்சி ஆணையத்துக்கும் ஸ்கிப்பர் கன்ஸ்ட்ரக்‌ஷன் நிறுவனத்துக்கும் இடையிலான அவ்வழக்கில், நீதிமன்றத் தடை இருந்தபோதே கட்டடத்தின் பகுதிகள் விற்கப்பட்டுப் பொதுமக்களிடமிருந்து பணம் திரட்டப்பட்டது. நிறுவனத்தை நடத்தியவர் ஆறு மாதச் சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் பணம் கட்டியவர்களுக்கு அதனால் ஒன்றும் திரும்பி வரவில்லை. 1996இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், அவமதிப்பால் அடைந்த ஆதாயத்தை அவமதித்தவரே வைத்துக்கொள்ள விடலாகாது என்று கூறி, செஞ்சுரி ஃப்ளோர் மில்ஸ் தீர்ப்பை எடுத்துக்காட்டி, நிறுவனம் என்னும் திரையை விலக்கி, அதன் பின்னால் நின்ற குடும்பத்தினரின் சொத்துகளைப் பற்றுகை செய்தது. நிறுவனம் என்பது அதன் உறுப்பினர்களிலிருந்து வேறான சட்ட நபர் என்பது நிறுவனச் சட்டத்தின் முதல் பாடம். நீதிமன்ற ஆணையை ஏய்ப்பதற்கு அந்தத் தனித்தன்மை கருவியாகும்போது அது மதிக்கப்படாது என்பது இத்தீர்ப்பு சேர்த்த பாடம்.

தடையாணை நிறுவனத்தின் பெயருக்குப் பிறப்பிக்கப்பட்டிருக்க, அதை மீறியதற்கு இயக்குநர் எப்போது தம் உடலால் பொறுப்பேற்க வேண்டும் என்னும் கேள்வியில் சட்டத்தின் எழுத்து ஓரளவு குறுகலானது. அவமதிப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, நிறுவனம் நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை முறித்தால், அந்த வேளையில் நிறுவனத்தின் அலுவல்களுக்குப் பொறுப்பாக இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் கருதப்படுவர் என்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்ததாகவோ மெய்ப்பிப்பவர் தப்பலாம். ஆனால் இந்த உட்பிரிவு உறுதிமொழியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. உறுதிமொழி இல்லாமல் வெறும் ஆணை மீறப்பட்ட இடத்தில், குறிப்பிட்ட இயக்குநர் அந்த ஆணையை அறிந்திருந்தார், அறிந்தும் மீறலில் பங்கெடுத்தார் என்பதைத் தனியே காட்ட வேண்டியிருக்கிறது. ஆணையின் நகல் கையில் தரப்படவில்லை என்னும் வாதம் இங்கே அதிகம் எடுபடாது. நேரில் இருந்தோ வேறு வழியிலோ ஒருவர் ஆணையை அறிந்திருந்தாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 1962இலேயே ஹோஷியார் சிங் வழக்கில் கூறிவிட்டது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்த இயக்குநரின் நிலை என்ன என்பதற்கு, அஞ்சல் தலை விற்கும் நிறுவனம் ஒன்றின் மீது துவாலு என்னும் சின்னஞ்சிறு தீவு நாடு தொடுத்த வழக்கில் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் தந்து, 1990இல் அறிக்கையான விடை தெளிவானது: ஆணையை அறிந்த இயக்குநர் அது பின்பற்றப்படுவதற்கு நியாயமான நடவடிக்கைகளை எடுக்கக் கடமைப்பட்டவர்; வேண்டுமென்றே எடுக்கத் தவறினால் அவரும் அவமதிப்பாளரே. இந்தக் கோட்பாட்டை நம் சட்டத்தின் எழுத்திலேயே சேர்ப்பது நல்லது. கூட்டத்துக்கு வந்து கையொப்பமிட்டுவிட்டு, முடிவெடுத்தவர் நிர்வாக இயக்குநர்தான் என்று ஒதுங்கும் குடும்ப உறுப்பினர்கள் நம் தனியார் நிறுவனங்களில் ஏராளம்.

குடும்ப நிறுவனப் பூசலில் அவமதிப்பு மனு எப்படித் தலைமுறைகளைக் கடந்து ஓடும் என்பதற்கு ராமா நாரங், ரமேஷ் நாரங் வழக்கைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது. மும்பையைச் சேர்ந்த நாரங் இன்டர்நேஷனல் ஹோட்டல்ஸ் நிறுவனத்தின் கட்டுப்பாடு தொடர்பாகத் தந்தை ராமாவுக்கும் அவருடைய மகன்களுக்கும் இடையே மூண்ட இப்பூசல் உச்ச நீதிமன்றம் வரை வந்து, 2001ஆம் ஆண்டின் இறுதியில் சமரச விதிகளாக எழுதப்பட்டு, நீதிமன்ற ஆணையாகவும் ஆக்கப்பட்டது. தந்தையும் மூத்த மகனும் கூட்டாக நிர்வாகம் நடத்த வேண்டும், இருவரும் ஒப்பாமல் முடிவெடுக்கக் கூடாது, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட காசோலைகளில் இரு தரப்புக் கையொப்பமும் இருக்க வேண்டும் என்பவை அதன் சாரம். ஒருவரையொருவர் நம்பாததால் வழக்காடியவர்களை ஒவ்வொரு முடிவிலும் ஒருமித்துச் செயல்படுமாறு பணித்த விதிகள் அவை. ஆணை முறிக்கப்பட்டதாகத் தந்தை அவமதிப்பு மனு தாக்கல் செய்தபோது, இது இரு தரப்பு ஒப்பந்தமே தவிர நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழி இல்லை, ஆகவே தீர்ப்பாணையை நிறைவேற்றக் கோரும் மனுதான் போடலாம் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. அந்த வாதத்துக்கு ஆதாரமும் இருந்தது: 1979இல் பாபு ராம் குப்தா வழக்கில், வெளிப்படையான உறுதிமொழி இல்லாத சமரச ஆணையை முறிப்பது அவமதிப்பாகாது என்னும் கருத்தை உச்ச நீதிமன்றமே வெளியிட்டிருந்தது. 2006இல் நாரங் வழக்கில் நீதிமன்றம் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. ஆணையை மீறுவதும் உறுதிமொழியை முறிப்பதும் சட்டத்தின் வரையறைக்குள் தனித்தனியான இரண்டு வகைகள்; சமரசத்தின் அடிப்படையில் பிறந்தாலும் ஆணை ஆணைதான்; அதை நிறைவேற்றச் சொல்லி வேறு மனுப் போட வழியிருக்கிறது என்பதற்காக அவமதிப்பு அதிகாரம் மங்கிவிடாது.

அதற்குப் பிறகு நடந்தது, இவ்வதிகாரத்தின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருசேரக் காட்டுகிறது. மகன்கள் அவமதித்தவர்கள் என்று முடிவு செய்த நீதிமன்றம், அவர்களை உடனே சிறைக்கு அனுப்பாமல், ஆணைப்படி நடக்க இன்னொரு வாய்ப்பை அளித்தது. ஆனால் பூசல் தணியவில்லை. மீண்டும் மனுக்கள், மீண்டும் விசாரணைகள். 2021 ஜனவரியில், புதிதாகக் கூறப்பட்ட மீறல்கள் வேண்டுமென்றே செய்யப்பட்டவையாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி அவமதிப்பு இல்லை என உச்ச நீதிமன்றம் முடித்தது. சமரச ஆணைக்கும் இந்த முடிவுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள். நம்பிக்கை அற்றுப்போன இருவரைக் கூட்டு நிர்வாகத்தில் கட்டிப்போடும் ஆணை, ஒவ்வொரு காசோலையிலும் ஒரு புதிய அவமதிப்பு மனுவுக்கு வித்திடும். ஒரு தரப்பின் பங்குகளை நியாயமான மதிப்பீட்டில் மறு தரப்பு வாங்கிக்கொள்ளச் சொல்லும் அதிகாரத்தை நிறுவனங்கள் சட்டத்தின் 242ஆம் பிரிவு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்துக்குத் தெளிவாகவே வழங்கியிருக்கும்போது, குடும்பப் பூசல்களில் அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்தத் தயங்குவது தகராற்றை வளர்க்கவே உதவுகிறது.

ஆணையின் சொற்கள் துல்லியமாக இல்லாவிட்டால் அவமதிப்பு மனு நிலைக்காது என்பதற்கு டாட்டா, மிஸ்திரி வழக்கின் ஒரு சிறு கட்டம் சான்று. 2016 அக்டோபர் 24 அன்று டாட்டா சன்ஸ் தலைவர் பதவியிலிருந்து நீக்கப்பட்ட சைரஸ் மிஸ்திரியின் குடும்ப நிறுவனங்கள் மும்பைத் தீர்ப்பாயத்தை அணுகியபோது, வழக்கு முடியும்வரை இரு தரப்பும் இடைக்கால மனுக்கள் போடவோ இப்பொருள் தொடர்பாக நடவடிக்கை எதையும் தொடங்கவோ வேண்டாம் என்று அவ்வாண்டு டிசம்பரில் தீர்ப்பாயம் கூறியது. சில வாரங்களில், மிஸ்திரியை இயக்குநர் பதவியிலிருந்தும் நீக்குவதற்காக 2017 பிப்ரவரி 6 அன்று பங்குதாரர் கூட்டத்தைக் கூட்ட டாட்டா சன்ஸ் அறிவிப்பு அனுப்பியது. நடவடிக்கை என்று சொல்லப்பட்டது வழக்கு நடவடிக்கையை மட்டுமா, நிறுவனத்தின் உள் நடவடிக்கையையும் சேர்த்தா? அவமதிப்பு மனுவைத் தீர்ப்பாயம் ஜனவரி 18 அன்று தள்ளுபடி செய்தது. கூட்டம் குறித்த நாளில் நடந்து, மிஸ்திரி நீக்கப்பட்டார். ஓர் ஆணைக்கு இரண்டு நியாயமான பொருள் கொள்ள முடியுமானால் அவமதிப்பு நிலைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் ராம் கிஷன் வழக்கில் கூறியிருக்கிறது. அதே ஆண்டில், சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து எண்ணெய் எரிவாயுக் கழகத்தின் தலைவர் கொண்டுவந்த மேல்முறையீட்டில், அவமதிப்பை விசாரிக்கும் நீதிமன்றம் மூல ஆணையின் நான்கு எல்லைகளுக்குள் நிற்க வேண்டும், அதில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது என்றும் கூறியது. இயக்குநரை நீக்கக் கூடாது என்பதுதான் ஒருவருக்கு வேண்டிய பாதுகாப்பு என்றால், அந்த மூன்று சொற்களும் ஆணையில் இடம்பெறும்வரை அவருடைய வழக்கறிஞர் ஓயக் கூடாது.

நிலை மாற்றக் கூடாது என்னும் ஆணை பங்குச் சந்தையின் வேகத்தின் முன் எப்படித் திணறுகிறது என்பதை ஃபோர்ட்டிஸ் வழக்கு காட்டுகிறது. ரான்பாக்ஸி மருந்து நிறுவனத்தில் தங்கள் குடும்பத்துக்கு இருந்த பங்குகளை மல்விந்தர் சிங், சிவிந்தர் சிங் சகோதரர்கள் 2008இல் ஜப்பானின் டாயிச்சி சாங்க்யோ நிறுவனத்துக்கு விற்றனர். அமெரிக்க அரசின் விசாரணைகள் பற்றிய உண்மைகள் தன்னிடம் மறைக்கப்பட்டன என்று வாங்கியவர் தொடுத்த நடுவர் வழக்கில், சிங்கப்பூரில் அமர்ந்த நடுவர் மன்றம் 2016 ஏப்ரலில் ஏறத்தாழ 2,562 கோடி ரூபாயையும் அதன்மேல் வட்டியையும் செலுத்தத் தீர்ப்பளித்தது. அத்தொகையை வசூலிக்கச் சகோதரர்களிடம் மிஞ்சியிருந்த முக்கியச் சொத்து, ஃபோர்ட்டிஸ் ஹெல்த்கேர் மருத்துவமனை நிறுவனத்தில் அவர்களுடைய முதலீட்டு நிறுவனம் வைத்திருந்த பங்குகள். உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்ட் 11, ஆகஸ்ட் 31 ஆகிய நாள்களில் அந்தப் பங்குகளின் நிலையை மாற்றக் கூடாது என்று ஆணையிட்டது.

ஆனால் அந்தப் பங்குகளில் பெரும்பகுதி ஏற்கெனவே கடனுக்கு ஈடாக வங்கிகளிடமும் நிதி நிறுவனங்களிடமும் அடகில் இருந்தது. அடகு வைத்த பங்கைப் பொறுத்தவரை நிலை என்பது எது? கடன் கொடுத்தவர் தவணை தவறியதற்காகப் பங்கை விற்றுக்கொள்வது பழைய உரிமையின் தொடர்ச்சியா, ஆணையின் மீறலா? ஆணை அமலில் இருக்கும்போது மேலும் பங்குகளை அடகு வைத்தால் அது என்ன? 2018 பிப்ரவரியில், ஆணைக்கு முன்பே அடகிலிருந்த பங்குகளுக்குத் தடை பொருந்தாது என்று நீதிமன்றம் விளக்கியபோது, பங்குகள் பல கைகளுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவ்வாண்டிலேயே மலேசியாவின் ஐ.எச்.எச். நிறுவனம் 4,000 கோடி ரூபாய் முதலீட்டில் ஃபோர்ட்டிஸின் 31.1 விழுக்காட்டுப் பங்குகளைப் பெற்றது. அதைத் தொடர்ந்து பொதுப் பங்குதாரர்களிடமிருந்து வாங்க வேண்டியிருந்த 26 விழுக்காட்டுக்கான பொதுக் கொள்முதல் சலுகையை உச்ச நீதிமன்றம் டிசம்பர் 14 அன்று நிறுத்திவைத்தது. 2019 நவம்பர் 15 அன்று சகோதரர்கள் இருவரும் அவமதித்தவர்கள் என்று தீர்ப்பு வந்தது. 2022 செப்டம்பர் 22 அன்று ஆளுக்கு ஆறு மாதச் சிறை. பங்குகள் போன வழியைக் கண்டறியத் தடயத் தணிக்கை நடத்துவது பற்றிய முடிவு, நடுவர் தீர்ப்பை நிறைவேற்றும் தில்லி உயர் நீதிமன்றத்திடம் விடப்பட்டது.

ஆணைக்கும் தண்டனைக்கும் இடையே ஐந்தாண்டுகள். இந்த இடைவெளியில் தகராற்றுக்கு எந்தத் தொடர்பும் இல்லாத, விலை ஏறுமென நம்பி ஃபோர்ட்டிஸ் பங்கை வைத்திருந்த சாதாரண முதலீட்டாளர்கள் ஏறத்தாழ நான்காண்டுகள் பொதுக் கொள்முதல் சலுகைக்காகக் காத்துக் கிடந்தார்கள். செஞ்சுரி ஃப்ளோர் மில்ஸ் வழக்கில் கூட்டத்தைச் செல்லாததாக்கினாலே எல்லாம் பழையபடி அமைந்துவிட்டது. வைப்பகக் கணக்குகளில் மின்னணுப் பதிவாக இருந்து, ஏதுமறியாத மூன்றாம் நபர்களின் கைகளுக்குப் போய்விட்ட பங்குகளை அப்படித் திருப்ப முடிவதில்லை. ஆகவே பட்டியலிடப்பட்ட நிறுவனங்களின் பங்குகள் தொடர்பான தடையாணை, வழக்கில் நிற்பவர்களுக்குப் பிறப்பிக்கப்படுவதோடு, அதே நாளில் வைப்பகங்களுக்கும் பதிவாளர்களுக்கும் நேரடியாக அனுப்பப்பட்டுக் கணக்கு முடக்கப்பட வேண்டும். மீறலைத் தண்டிப்பதற்குச் செலவிடும் உழைப்பில் ஒரு சிறு பகுதியே இதற்குப் போதும்.

நிறுவனத் தகராறுகள் இன்று முதலில் செல்லும் இடம் உயர் நீதிமன்றம் இல்லை. 2016 ஜூன் 1 முதல் இயங்கும் தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம். நிறுவனங்கள் சட்டத்தின் 430ஆம் பிரிவு இவ்விவகாரங்களில் உரிமையியல் நீதிமன்றங்களின் அதிகாரத்தை விலக்கியிருக்கிறது. தன்னை அவமதிப்பவரைத் தண்டிப்பதில் உயர் நீதிமன்றத்துக்குள்ள அதே அதிகாரத்தைத் தீர்ப்பாயத்துக்கும் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் 425ஆம் பிரிவு வழங்குகிறது. அதன் ஆணைகளை நீதிமன்றத் தீர்ப்பாணையைப் போல நிறைவேற்ற 424ஆம் பிரிவு வழி செய்கிறது. தீர்ப்பாயத்துக்கு இந்த வழக்கில் அதிகாரமே இல்லை, ஆகவே அதன் ஆணையை மதிக்க வேண்டியதில்லை என்று கருதுவோரும் உண்டு. அதிகார வரம்பு பற்றிய கேள்வி முடிவாகும்வரை இடைக்கால ஆணைக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும், பின்னர் அதிகாரமில்லை என்று முடிவானாலும் இடைப்பட்ட காலத்து மீறலுக்குத் தண்டனை உண்டு என்று 1997இல் ஹிந்த் ரப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது, இங்கும் வழிகாட்டுகிறது.

சிறுபான்மைப் பங்குதாரர் ஒருவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று காலவரம்பு. அவமதிப்பு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குப் பிறகு நடவடிக்கை தொடங்க முடியாது என்கிறது அவமதிப்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. தடையை மீறிய பங்கு ஒதுக்கீடு பெரும்பாலும் முன்தேதியிட்டுச் செய்யப்படுவது. அது பதிவாளர் அலுவலக ஆவணங்களில் தென்படுவதற்குள் அந்த ஓராண்டு கடந்துபோயிருக்கக் கூடும். 2001இல் பல்லவ் ஷேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இறுக்கத்தை இரண்டு வழிகளில் தளர்த்தியது: ஓராண்டுக்குள் மனு தாக்கலாகிவிட்டால் போதும், நீதிமன்றம் அதன்பின் எப்போது அதைக் கையிலெடுத்தாலும் தவறில்லை, மோசடியால் மீறல் மறைக்கப்பட்டிருந்தால் அது வெளிப்பட்ட நாளிலிருந்தே காலம் கணக்கிடப்படும். ஆயினும் தண்டனை கோரும் மனுவை மட்டும் நம்பி நிற்காமல், ஒதுக்கீட்டையோ தீர்மானத்தையோ செல்லாததாக்கிப் பழைய நிலையைத் திரும்ப அமைக்கக் கோரும் விண்ணப்பத்தை மூல வழக்கிலேயே உடன் தாக்கல் செய்வது நல்லது. மீறியவர் மன்னிப்புக் கேட்டு விடுபட்டாலும், வேண்டுமென்ற எண்ணம் மெய்ப்பிக்கப்படாமல் போனாலும், அந்த இரண்டாவது விண்ணப்பம் உயிரோடு இருக்கும். உறுப்பினர் பதிவேட்டில் நாலாயிரம் பங்குகள் மீண்டும் 40 விழுக்காடாக ஏறுவதும் அதன் வழியாகத்தான்.